வெள்ளிக்கிழமை நெல்

கொம்பியூட்டருக்குத் தேங்காய் உடைத்த அன்றுதான் கௌசலாவுக்கு அலுப்புத் தட்டத் தொடங்கியது என்று சொன்னால் அது பொய். அலுப்பு அதற்கு ஒன்பது வருடம் முந்தியே தட்டிவிட்டது. தேங்காய் உடைத்த அன்று அதற்கு ஒரு பெயர் கிடைத்தது, அவ்வளவுதான். பெயர், நெல்மதி.

பெயரை வைத்தவர் கனகலிங்கம், வன்னிச்சுடர் அரிசி ஆலையின் சொந்தக்காரர். போன வருடம் வரைக்கும் ஊர் அவரை முதலாளி என்றது. கொழும்பில் ஒரு பெரிய ஹொட்டலில் இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போய் வந்த பிறகு, கந்தோர் வாசலில் 'சேர்மன்' என்று பலகை மாட்டினார். கருத்தரங்கில் அவருக்கு விளங்கியது ஒரேயொரு விசயம்: நாளைக்கு எவ்வளவு நெல் வரும் என்பதை இனி மனிதரிடம் கேட்கக்கூடாது. அது அவருக்குப் போதுமாக இருந்தது.

பூசை கிளிநொச்சித் தலைமைக் கந்தோரில் நடந்தது. ஐயருக்குச் சிக்கல். கடைக்கு, கிணற்றுக்கு, வாகனத்துக்கு எல்லாம் முறை தெரியும். நரம்பு வலைப்பின்னலுக்குத் தெரியாது. கடைசியில் வாகனப் பூசையே பொருத்தம் என்று முடிவெடுத்து, திரைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சக்கரத்துக்குக் கீழே வைக்க வேண்டிய தேசிக்காய்களைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தவர், மேசைக் கால்கள் நான்குக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தார். மூட்டை தூக்கும் ஆண்டியப்பன் மேசையை ஒரு சாண் முன்னுக்குத் தள்ள, நான்கும் நசிந்தன. எல்லாரும் கை தட்டினார்கள்.

"இதுவரை காலமும் நாங்கள் நெல்லை வாங்கினோம்," என்றார் கனகலிங்கம், மேடைத் தமிழில். "இனி நெல் வருவதற்கு முன்னரே நெல்லை அறிவோம்."

"வந்ததுக்குப் பொறகு தூக்குறது ஆராம்?" என்று ஆண்டியப்பன் கௌசலாவின் காதோடு கேட்டார். தர்மபுரத்தில் பிறந்து வளர்ந்த மனிசன். தாய்தகப்பன் கொண்டுவந்த மலைநாட்டுப் பேச்சு வாயில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

மென்பொருளைக் கொண்டுவந்தவன் செந்தூரன் என்ற மெல்லிய இளைஞன். தகப்பன் வழி பருத்தித்துறை, பிறந்தது வெள்ளவத்தை, நெல்லை வயலில் கண்டது ரெயில் யன்னலால். ஆனால் விளங்கப்படுத்தத் தெரிந்தவன். எந்த நிலையத்துக்கு எந்த நாளில் எத்தனை மூட்டை வந்தது என்ற ஒன்பது வருடக் கணக்கையும் இதற்கு ஊட்டியிருக்கிறோம் என்றான். மூளை நரம்புகள் மாதிரி இதற்குள் அடுக்கடுக்காக முடிச்சுகள் இருக்கின்றன. எண்களைப் பார்த்துப் பார்த்து, ஊகித்து, பிழைவிட்டு, திருத்தி, தானாகவே பழகும். புதிதாக வரும் எண்ணையும் அன்றன்றைக்கே பழகிக்கொள்ளும். நாளை எத்தனை மூட்டை வரும் என்று இன்றைக்கே சொல்லும். லொறி எத்தனை, ஆள் எத்தனை, எங்கே அனுப்புவது என்பதை எல்லாம் அதைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

"இதைத்தானே எங்கடை கௌசலாக்கா ரெலிபோனிலை சொல்லுறவ?" என்றான் பின்வரிசையில் நின்ற லொறிச் சாரதி ஒருவன்.

"அது ஊகம்," என்றார் கனகலிங்கம். "இது விஞ்ஞானம்."

கௌசலா வட்டக்கச்சிக் கொள்வனவு நிலையத்தின் பதிவாளர். எந்த வயலில் இன்று வெட்டு மெசின் நிற்கிறது, யார் வீட்டில் கலியாணம், யாருடைய உழவு மெசின் பழுது என்று நாலு பேரைக் கேட்டு, நாளைக்கு இத்தனை லொறி அனுப்புங்கோ என்று மாலையில் சொல்லுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்குச் சந்தனம் குங்குமம் ஒன்றும் ஒருவரும் வைத்ததில்லை.

லட்டுப் பரிமாறிய பிறகு கனகலிங்கம் சாதாரணக் குரலுக்கு இறங்கினார்.

"இன்னொரு விசயம். தராசோடை கொளுவுறதுக்கு ஒரு வயர் கப்பலிலை வருது. அது வந்தா எண் தானாப் போகும். மிச்சத்தை நெல்மதி பாக்கும். மூண்டு கிழமை பரீட்சிச்சுப் பாப்பம். அது சொல்லுறதும் உண்மையா வாறதும் பொருந்தினா, காலபோக வெட்டு முடிய அஞ்சு நிலையத்துப் பதிவாளர்மாருக்கும் விடுதலை. நீங்கள் எல்லாரும் நல்லாச் சேவை செய்தனீங்கள்."

ஐந்து பேருடைய வாயிலும் லட்டு இருந்தது. ஒருவராலும் ஒன்றும் கேட்க முடியவில்லை.

வீட்டில் புருசன் சிவகரன் கேட்டான், "அப்ப நீர் என்ன சொன்னனீர்?" மேசன் வேலைக்குப் போய்க் கட்டடச் சாரத்தில் இருந்து விழுந்து இரண்டு வருடம். இடுப்பு நாரிக்குப் பட்டி கட்டிக்கொண்டு குசினியைப் பார்க்கிறான். மகள் யதுர்ஷிகா உயர்தரப் பரீட்சை எடுக்க இன்னும் ஒன்றரை வருடம். அந்த வீட்டில் வேலைக்குப் போகக்கூடிய உடம்பு ஒன்றுதான்.

"லட்டுத் திண்டனான்," என்றாள் கௌசலா.

நெல்மதிக்கு ஊட்டிய ஒன்பது வருடக் கணக்கில் வட்டக்கச்சியின் பங்கு முழுவதும் அவள் கையால் அடித்தது. அதில் ஒரு சிறு சங்கதி இருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வட்டக்கச்சியில் வெள்ளிக்கிழமை நெல் விற்கமாட்டார்கள். வெட்டுவார்கள், காயவைப்பார்கள், சாக்கில் போட்டுக் கட்டுவார்கள். படலைக்கு வெளியே விடமாட்டார்கள். நெல் இலட்சுமி, இலட்சுமியை வெள்ளிக்கிழமை ஏற்றி அனுப்புகிற வீடு என்ன வீடு? மாட்டை விற்று உழவு மெசின் வாங்கினார்கள். அரிவாளை விட்டு வெட்டு மெசினுக்கு மாறினார்கள். இன்றைய விலையைக் கைபேசியில் பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமையை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

ஆனால் கொழும்பில் செய்து வந்த படிவத்துக்கு இது தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு, கௌசலா உண்மையைத்தான் எழுதினாள்: பூச்சியம். திரை சிவந்தது. 'பூச்சியம் ஏற்கப்படாது.' உடனே தலைமைக் கந்தோரிலிருந்து அழைப்பு.

"நிலையம் பூட்டோ?"

"திறந்துதான் இருக்கு."

"அப்ப ஏன் நெல்லில்லை?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"எங்களுக்கும் வெள்ளிக்கிழமைதான் பிள்ளை."

அடுத்த வெள்ளியும் அதே கதை. அதற்கடுத்த வெள்ளியும். நாலாம் வெள்ளி அந்தக் குரலே களைத்துப்போய்ச் சொன்னது, "பிள்ளை, ஏதாவது ஒண்டைப் போட்டுவிடுமன்."

அவள் போட்டாள். வியாழக்கிழமை வந்ததில் அரைவாசியை வெள்ளிக்கு எழுதினாள். ஒன்றிரண்டு மூட்டையைக் கூட்டியோ குறைத்தோ எழுதினால் பார்ப்பதற்கு உண்மை மாதிரி இருக்கும். சனிக்கிழமை வந்து குவிவதில் அந்தத் தொகையைக் கழித்துவிட்டாள். கிழமை முடிவில் ஒரு மூட்டை பிசகாது. ஒருவருக்கும் ஒரு நெல்மணி நட்டமில்லை. அன்றிலிருந்து ரெலிபோன் அடிக்கவில்லை. அந்த அமைதிக்காகவே ஒன்பது வருடம் அப்படியே எழுதினாள்.

பரீட்சை மூன்று கிழமையும் அப்படியே எழுதினாள். வேறு எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முடிவு சொல்லும் கூட்டத்தில் செந்தூரன் சுவரில் படம் காட்டினான். நீலக் கோடு நெல்மதி சொன்னது. சிவப்புக் கோடு உண்மையில் வந்தது. பல நாட்களில் இரண்டும் புருசன் பெண்சாதி மாதிரி ஒரே வீட்டில் வேறு வேறு பக்கம் போயின. தர்மபுரத்தில் நூற்றுக்கு அறுபது சரி. வட்டக்கச்சிச் சனிக்கிழமைகள் படுமோசம்.

"ஆனா இதைப் பாருங்கோ," என்றான் செந்தூரன். அவன் குரலே மாறிவிட்டது. "வட்டக்கச்சி, வெள்ளிக்கிழமை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. இப்பிடி ஒரு முடிவை நான் படிச்ச காலத்திலையும் காணேல்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குள்ளை ஏதோ ஒரு மறைவான ஒழுங்கு இருக்கு. மனிசருக்குத் தெரியாது. நெல்மதி தானாக் கண்டுபிடிச்சிருக்கு."

கனகலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுதுவிடுவார் போல இருந்தது.

கௌசலா தன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தாள். அவளுக்கு மெல்ல விளங்கியது. இது நெல்லைப் படிக்கவில்லை. அவளைப் படித்திருக்கிறது. ஒன்பது வருடத்து வெள்ளிக்கிழமைகள், மாலை ஐந்து மணி, அவளுடைய அலுப்பு, அரைவாசி போடும் கை, ஒன்றிரண்டு குறைக்கும் கெட்டித்தனம் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்திருக்கிறது. கட்டின புருசன்கூட இவ்வளவு கவனமாக அவளைப் படித்ததில்லை.

"வாற வெள்ளி," என்று எழும்பினார் கனகலிங்கம். "கொழும்பிலையிருந்து முதலீட்டாளர் வருகினம். வட்டக்கச்சியிலை, அவையின்ரை கண்ணுக்கு முன்னாலை, நெல்மதி சொன்ன நெல்லு வந்து இறங்கும். வெள்ளிக்கிழமை நல்ல நாளும்கூட. நாலு லொறியையும் அண்டைக்கு அங்கை விடுங்கோ. சனிக்கிழமை நெல்மதி சொல்லுறபடி எல்லா லொறியும் புளியங்குளம் நிலையத்துக்குப் போகட்டும்."

அந்த அறையில் இருந்த முக்கால்வாசிப் பேர் வன்னியில் பிறந்தவர்கள். கனகலிங்கத்தின் வீட்டில் வெள்ளிக்கிழமை உப்புக்கூடக் கடன் கொடுக்கமாட்டார்கள். இருந்தும் ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. சுவரில் கோடு போட்டுக் காட்டினால் ஊரில் தெரிந்தது எல்லாம் மறந்துபோகும்.

கூட்டம் முடிந்து, லொறி முற்றத்தில் தனியாக நின்ற செந்தூரனிடம் கௌசலா போனாள்.

"தம்பி, அந்த வெள்ளிக்கிழமை எண்..."

சொல்லி முடிக்கும்வரை அவன் குறுக்கே பேசவில்லை. மடிக்கணினியை மெல்ல மூடினான்.

"எல்லா வெள்ளியுமோ அக்கா?"

"எல்லா வெள்ளியும். ஒருமுறை தைப்பொங்கல் வெள்ளியிலை வந்தது. அண்டைக்கு மட்டும் கந்தோர் லீவு. பெட்டியை வெறுமனே விட்டனான்."

"ஓம்," என்றான் செந்தூரன். "அந்த ஒரு நாளைப் பிழையான தரவெண்டு நான் கழிச்சுப்போட்டன்."

அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வேறை ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"சொல்லாதேங்கோ அக்கா. ஆறு மாசம் வேலை தேடித்தான் எனக்கு இது கிடைச்சது. இந்த வெள்ளியோடை ஒப்பந்தம் முடியுது. உங்களுக்கும் நல்லதில்லை. சொன்னா, பொய்க் கணக்கு எழுதினதெண்டு உங்களை அனுப்புவினம்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி நெல்மதி சரியெண்டு அனுப்புவினம்."

"ரெண்டுக்கும் அதே லட்டோ?" என்றாள் கௌசலா.

வெள்ளிக்கிழமை வந்தது. நிலையத்தின் தகரக் கொட்டகைக்கு முன்னால் பந்தல் போட்டு, பிளாஸ்ரிக் கதிரைகளுக்கு வெள்ளைச் சட்டை மாட்டி, கொம்பியூட்டருக்கு மாலை போட்டிருந்தார்கள். விருந்தினர் மூன்று பேர். தலைவி முதலீட்டுக் கம்பனியின் பணிப்பாளர் அம்மா. சிங்களமும் ஆங்கிலமும் பேசுவா, தமிழில் 'வணக்கம்' மட்டும். திரையில் பெரிதாக ஒரு எண்: 412. முதல் நாள் வியாழன் வந்தது எண்ணூற்றி இருபத்தாறு மூட்டை. கௌசலாவுக்குப் பார்க்கவே தேவையிருக்கவில்லை.

ஒன்பது மணிக்கு ஒரு மூட்டை வரவில்லை. பத்து மணிக்கு ஒரு நாய் வந்தது. நாலு லொறியும் வரிசையில் நிற்க, சாரதிமார் நிழலில் சீட்டு விளையாடினார்கள். ஆண்டியப்பனும் ஆறு ஆட்களும் தோளில் சாக்குத் துண்டைப் போட்டபடி, ஒன்றும் இல்லாத தராசைக் காவல் காத்தார்கள்.

பத்தரைக்குச் சைக்கிளில் இராசமலர் வந்தா. வாய்க்கால் பக்கத்தில் மூன்று ஏக்கர் செய்கிறவ. சொல்லவேண்டியதைச் சத்தமாகச் சொல்கிறவ. கையில் நெல் இல்லை.

"கௌசலா, நாளைக்கு லொறி வரும்தானே? அறுபது மூட்டை கட்டி வைச்சிருக்கிறன். மழை இருட்டுது பிள்ளை."

பணிப்பாளர் அம்மாவின் முகம் மலர்ந்தது. விவசாயி! ஆங்கிலத்தில் ஏதோ கேட்டா. கனகலிங்கம் மொழிபெயர்க்க ஓடிவந்தார்.

"அம்மா கேக்கிறா, உங்கடை நெல்லு எங்கையெண்டு."

"வீட்டிலை."

"ஏன் கொண்டரேல்லை எண்டு கேக்கிறா."

இராசமலர் அவரை மேலும் கீழும் பார்த்தா. "முதலாளிக்குச் சுகமில்லையோ? வெள்ளிக்கிழமை ஆரும் நெல்லு விப்பினமோ? உங்கடை அம்மா இருந்தா இந்தக் கேள்விக்கு அகப்பையாலை அடிச்சிருப்பா."

கனகலிங்கம் புன்னகை மாறாமல் பணிப்பாளர் அம்மா பக்கம் திரும்பி, இந்தப் பெண் காலையிலேயே கொண்டுவந்து விற்றுவிட்டதாகவும், நன்றி சொல்லத் திரும்பி வந்திருப்பதாகவும் ஆங்கிலத்தில் சொன்னார். பணிப்பாளர் அம்மா எழுந்து இராசமலருக்குக் கை கொடுத்தா. இராசமலரும் கொடுத்தா, பெரிய இடத்து ஆட்கள், காரணம் இருக்கும் என்று நினைத்து.

அடுத்த நிமிடம் கனகலிங்கம் சாக்கு அடுக்குக்குப் பின்னால் கௌசலாவைப் பிடித்தார். கழுத்தில் கட்டியிருந்த ரை வலப்பக்கம் திரும்பியிருந்தது.

"நெல்லெங்கை?"

பொய் சொல்லியிருக்கலாம். வெட்டு மெசின் பழுது, பாலம் உடைஞ்சுபோச்சு, ஏதாவது. ஒன்பது வருடம் சொன்ன ஆளுக்கு இன்னொன்று பெரிய வேலையில்லை. ஆனால் அதை யோசிக்கக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது.

"வராது சேர். ஒருநாளும் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை எண்ணெல்லாம் நான் போட்டது."

கனகலிங்கத்தின் கண் ஒருதரம் மேலே போய் வந்தது.

"எத்தினை வருசமா?"

"ஒன்பது. உங்கடை வீட்டிலையும் வெள்ளிக்கிழமை ஒண்டும் வெளியிலை விடமாட்டினம்தானே சேர்."

"அது வீட்டு விசயம். இது பிஸ்னஸ்," என்றார் அவர், பழக்கதோசத்தில். பிறகு தராசடியில் இருந்த பழைய கதிரையில் இருந்துவிட்டார். அப்போது அவர் சேர்மனாக இல்லை. வட்டக்கச்சியில் தகப்பனோடு நெல் மூட்டைக்குச் சாக்குத் தைத்த கனகலிங்கமாகக் கொஞ்சநேரம் இருந்தார். அது அரை நிமிடம்தான். கைபேசியை எடுத்தார்.

"ஸ்ரோரிலை நிக்கிற நெல்லை ஏத்து. ஓம், போன கிழமையான். வாய்க்கால் றோட்டாலை, பின்பக்கமா. உழவு மெசினிலை கொஞ்சம், சின்ன லொறியிலை கொஞ்சம். பெடியளை ஆலைச் சேட்டைக் கழட்டிப்போட்டுச் சாரத்தோடை வரச் சொல்லு. நானூற்றிப் பன்னிரண்டு. ஒண்டும் குறையக்கூடாது."

"குறையட்டும் சேர்," என்றாள் கௌசலா.

"என்ன?"

"அஞ்சாறு குறைச்சு விடுங்கோ. சரியா வந்தா நம்பமாட்டினம்."

கனகலிங்கம் அவளைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் முதல்தடவையாக உற்றுப் பார்த்தார். "நானூற்றி ஆறு," என்றார் கைபேசிக்குள்.

நெல் வரும்வரைக்கும் செந்தூரன் விருந்தினருக்கு நரம்பு முடிச்சுகளைப் பற்றி ஒன்றே கால் மணித்தியாலம் விளங்கப்படுத்தினான். ஒரே படத்தை மூன்று நிறத்தில் காட்டினான். பணிப்பாளர் அம்மாவின் செயலாளர் கண் திறந்தபடி நித்திரைகொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு முதல் உழவு மெசின் வந்தது. பிறகு ஒன்று, பிறகு இரண்டு. ஆலையில் உமி வாரும் பெடியன் ஒருவன், கட்டிப் பழகாத சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி, விவசாயியாக இறங்கினான். பணிப்பாளர் அம்மா அவனோடு படம் எடுத்துக்கொண்டா.

ஆண்டியப்பன் முதல் மூட்டையைத் தோளில் போட்டவர், தராசில் வைத்துவிட்டுக் குனிந்து மூட்டை வாயைப் பார்த்தார்.

"தங்கச்சி."

"ம்."

"இது நான் போட்ட முடிச்சு."

"தூக்குங்கோ அண்ணை."

"போன சனி இதே மூட்டையை இதே எடத்துல ஏத்துனேன். இப்ப எறக்குறேன். பின்னேரம் திரும்ப ஏத்தணுமோ?"

"ஓம்."

"மூணு தடவை." அவர் நாரியைப் பிடித்துக்கொண்டு மாலை போட்ட கொம்பியூட்டரைப் பார்த்தார். "இத்தனை நரம்பு வைச்சவன் அதுக்கு ஒரு முதுகையும் வைச்சிருக்கலாம்."

நானூற்றி ஆறு. கௌசலா ஒவ்வொன்றாக நிறுத்து எழுதினாள். ஒன்பது வருடத்தில் அவள் எழுதிய வெள்ளிக்கிழமை எண்களிலேயே உண்மையாக நிறுத்து எழுதியது இது ஒன்றுதான். இதைப்போல ஒரு பொய்யை அவள் அதுவரை எழுதினதில்லை. திரையில் நீலக் கோடும் சிவப்புக் கோடும் கட்டிப்பிடித்துக்கொண்டன. பணிப்பாளர் அம்மா எழுந்து கை தட்டினா. செயலாளரும் விழித்துக் கை தட்டினார்.

விருந்தினர் போன பிறகு கனகலிங்கம் அவளிடம் வந்தார். வெற்றி பெற்ற மனிதரின் முகம் இல்லை அது. பெரிய சாமான் ஒன்றை வாங்கிவிட்டு அதை வைக்க இடமில்லாதவரின் முகம்.

"அவைக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு. ஒவ்வொரு வெள்ளியும் இஞ்சத்தை எண்ணைக் கொழும்பிலை இருந்தே பாப்பினமாம். நினைச்ச நேரம் வந்தும் பாப்பினமாம்."

"அப்ப ஒவ்வொரு வெள்ளியும் நெல்லு வரவேணும்."

"வரவேணும்." அவர் தொண்டையைச் செருமினார். "மற்ற நாலு பதிவாளரையும் சொன்ன மாதிரி அனுப்புறன். நீர் நில்லும். உம்மை விட்டா இதை ஆர் செய்யிறது? எதிர்வுகூறல் இணைப்பாளர் எண்டு கடிதம் தாறன்."

வேலை தப்பிவிட்டது. சந்தோசப்படுவதற்கு முதலில் எங்கேயாவது குந்தி இருக்கவேண்டும் போல இருந்தது. சட்டை மாட்டின கதிரைகளை எல்லாம் வாடகைக்காரன் கொண்டுபோய்விட்டான். தர்மபுரத்துப் பதிவாளர் பிரேமிளா போன கிழமைதான், "அக்கா, ஏதாவது புதினம் தெரிஞ்சா சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தாள். கௌசலா கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

செந்தூரனின் ஒப்பந்தமும் நீண்டது. போகும்போது அவன் அவளுக்குத் தலையாட்டினான். ஒரே பொய்யில் இரண்டு பேர் சம்பளம் வாங்கினால் ஒருவிதச் சொந்தம் வந்துவிடுகிறது.

சனிக்கிழமை விடிய வட்டக்கச்சி முழுவதும் படலையைத் திறந்துவிட்டது. உழவு மெசின்கள் வீதியில் அரைக் கட்டைத் தூரத்துக்கு வரிசையாக நின்றன. லொறிகள் எல்லாம் நெல்மதி சொன்னபடி புளியங்குளத்தில் நின்றன. அங்கே நெல் இல்லை என்று சாரதிமார் சீட்டு விளையாடினார்கள். ஆண்டியப்பனின் ஆட்களில் மூன்று பேர் நாரிப் பிடிப்போடு வரவேயில்லை. கொட்டகை நிறைந்து, மூட்டைகள் வீதியோரம் அடுக்கப்பட்டன. நாலு மணிக்கு மழை பிடித்தது. இராசமலர் தன் அறுபது மூட்டைக்கு மேலே படங்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றா.

"நேற்று நாலு லொறி சும்மா நிண்டதே பிள்ளை! நேற்றுக் கை குடுத்த அந்தப் பெரிய மனிசியைக் கூப்பிடு, இந்தப் படங்கின்ரை மற்றப் பக்கத்தை வந்து பிடிக்கட்டும்!"

கௌசலா போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். மழை விட்டதும், ஈரச் சேலையோடு உள்ளே வந்து கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். மாலை வாடித் தொங்கியது.

ஆயிரத்து இருநூற்றி அறுபது மூட்டை. வழக்கமாக வெள்ளிக்கு எழுதியதை இதில் கழிக்கவேண்டும். இன்று கழிக்கத் தேவையில்லை. வெள்ளி தன் சொந்தக் காலில் நிற்கிறது. ஒன்பது வருடத்தில் முதல்தடவையாகச் சனிக்கிழமைக்கு உள்ளது உள்ளபடி எழுதினாள்.

திரை சிவந்தது. 'வழமைக்கு மாறான எண். சரிபார்க்கவும்.'

கைபேசி அடித்தது. செந்தூரன், கொழும்பு பஸ்ஸில் இருந்து.

"அக்கா, சனிக்கிழமை எண் பிழைச்சிட்டுது போலை. நானூறு கூடக் கிடக்கு. இதை அப்பிடியே விட்டா கொழும்பிலை சிவப்பாக் காட்டும்."

"அது சரியான எண் தம்பி."

"தெரியுது அக்கா," என்றான் அவன். "ஆனா நெல்மதி நம்பாது."

கௌசலா கண்ணை மூடித் திறந்தாள். எண்ணூற்றி ஐம்பது என்று மாற்றினாள். திரை பச்சையானது. மிச்சம் நானூற்றிப் பத்து மூட்டை எங்காவது போகவேண்டுமே. ஞாயிறு நிலையம் பூட்டு. ஒன்பது வருடமாக அந்தப் பெட்டி வெறுமையாகவே கிடந்தது. அதில் போட்டாள்.

திங்கட்கிழமை காலை நிலையத்தைத் திறந்து கொம்பியூட்டரைப் போட்டபோது, நெல்மதி இரவோடிரவாகப் பழகி முடித்திருந்தது. வட்டக்கச்சி, வாற ஞாயிறு: நூற்றித் தொண்ணூறு மூட்டை.

அவள் கொஞ்சநேரம் அந்த எண்ணையே பார்த்தாள். பிறகு ஆண்டியப்பனுக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"அண்ணை, வாற ஞாயிறும் வேலை."

"ஞாயித்துக்கெழமையா? அன்னைக்கு நெல்லு கொண்டாறது ஆரு?"

"நீங்கள்தான்," என்றாள் கௌசலா.